பீட்ரூட் ஜூஸும் மாப்பிள்ளையின் மெடிக்கலும்

சவூதியில், தம்மாமில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்ததிலிருந்து ஜூஸ் போடுவதுதான் எனக்கு வேலை. மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மருமகனுக்கு வெயிலில் சைட் வேலை. அவர் கறுத்து மெலிந்து வருவதைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. கேரட், மாதுளை என்று எதையாவது மிக்ஸியில் அடித்து, வடிகட்டி, மேஜையில் வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விடுவேன். எங்கள் குடும்பத்தில் மாமியார் மருமகனிடம் முகம் பார்த்துப் பேசுவதில்லை. எதுவானாலும் மகள் வழியாகத்தான். அவரும், நான் பக்கத்தில் நிற்கும்போதே, "ஒங்கம்மாட்ட சொல்லு, நல்லாருக்குன்னு" என்பார்.

அன்று சாயங்காலம் பீட்ரூட். பச்சையாக அடித்தால் மண் வாடை வரும். இஞ்சியும் எலுமிச்சையும் சேர்த்தேன், அடங்கியது. நாக்கில் விட்டுப் பார்த்துவிட்டு வைத்தேன். அவர் இரண்டு டம்ளர் குடித்தார். மிச்சம் எனக்கு.

மறுநாள் விடிந்ததும் மகள் டியூட்டிக்குப் போய்விட்டாள். மருமகன் பாத்ரூமிலிருந்து வந்து, கூட்டாளிக்குப் போன் போட்டு மெதுவாகப் பேசியது அடுக்களை வரை கேட்டது.

"பாய், யூரின் செவப்பா போவுது. ரத்தந்தான். இன்னிக்கு கம்பெனி மெடிக்கல் வேற. இதப் பாத்தா ஊருக்கு அனுப்பிருவானுவ, கலாஸ், எல்லாம் முடிஞ்சுது. அவட்ட சொல்லல, அழுவா. நான் இன்னிக்கு போவல பாய்."

ஏற்கெனவே தள்ளிப்போட்ட மெடிக்கல் செக்கப் அது. இன்னொரு தடவை போகாவிட்டால் வேலைக்கே ஆபத்து என்று மகள் சொல்லியிருந்தாள்.

எனக்குத் திக்கென்றது. பிறகுதான் உறைத்தது. வந்த புதிதில் எனக்கும் அப்படிப் போய், பயந்து ஜெபமாலையைத் தேடினேன். "எம்மா, ரத்தமில்ல, நீ குடிச்ச பீட்ரூட்டு" என்று மகள் சிரித்தாள். அன்று காலையிலும் எனக்கு அப்படித்தான் போனது; பழகிவிட்டதால் கண்டுகொள்ளவில்லை.

அவளுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. வார்டில் இருந்தால் எடுக்க மாட்டாள். மறுபடியும் போட்டேன். டம்ளரைக் கழுவினேன். கழுவிய டம்ளரையே திரும்பக் கழுவினேன். அந்தப் பேச்சை மருமகனிடம் நான் எப்படிப் பேச? பீட்ரூட் தோலைத் தட்டில் அள்ளிக் கொண்டுபோய் மேஜையில் வைத்தேன். அவர் கவனிக்கவே இல்லை. போனைக் காதில் இடுக்கிக்கொண்டு, மாட்டிய ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

கதவோரம் நின்று, சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

"மாப்ள, அது பீட்ரூட்டு."

"என்னத்தே?"

"ஒங்களுக்கு செவப்பா... எனக்கும் அப்டித்தான் போச்சு. காலைல."

ஷூ தரையில் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு வீடே அதிரச் சிரித்தார்.

"பாய், கேட்டியா? எங்க அத்தைக்கும் செவப்பாத்தான் போச்சாம்!"

மிக்ஸிக்குள் இறங்கி மூடியைப் போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

அவர் கிளம்பிப் போனார். எனக்கு உட்கார முடியவில்லை. அடுக்களைக்கும் பால்கனிக்குமாக நடந்தேன். மத்தியானம் என் போனுக்கே கூப்பிட்டார்.

"அத்தே, அங்க உள்ள நர்ஸ்ட்ட விஷயத்த சொல்லிட்டேன். சிரிச்சா. நெறம் மாறுனப்பொறவு நாளைக்கு வந்து குடுன்னுட்டா. இன்னிக்கு வெள்ளரிக்கா மட்டும் போடுங்க."

வெள்ளரிக்காய் மட்டும்தான் போட்டேன். ராத்திரி முழுக்கப் பாத்ரூம் கதவுச் சத்தத்திலேயே காது இருந்தது. மாறாவிட்டால்? உண்மையிலேயே வேறு ஏதாவது இருந்தால்?

காலையில் உள்ளே இருந்தே கத்தினார்.

"அத்தே, சரியாயிட்டு!"

மகள் பல் விளக்கும் பிரஷ்ஷோடு வந்து நின்றாள்.

"எம்மா, ரெண்டு பேரும் என்ன பேசிக்கிடுதீய?"

"ஒண்ணுமில்ல. அவர் ஷூ எங்கன்னு பாரு" என்றேன்.