நாலாவது வரியில் நின்ற மஞ்சள்

நான் எழுத உட்கார்ந்தது அதிகப்படிதான், மன்னிக்க வேண்டும். படித்தது பத்தாவது. நாலு பேர் எதிரே வாய் திறக்கவே கூசுகிறவள். ஆனால் அந்த நாளை மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். கிளைகளில் எடுக்கும் ரத்தம் டியூபில் எங்களிடம் வரும். அவர்கள் அங்கே பதிகிற பெயர் என் கம்ப்யூட்டர் பட்டியலில் ஒரு வரியாக வந்து சேரும். ஜாவா என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய பழைய புரோகிராம். பெயர்களை அகரவரிசையில் அடுக்கும். அதனால் புது வரி கடைசியில் வராது, நடுவில் எங்காவது புகுந்துகொள்ளும். எது புதிது என்று கண்டுபிடிப்பதற்குள் கண் பூத்துவிடும். அவசரமான பெயருக்கு நேராகத் திரை ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி வைப்பேன். மேலே இன்னொரு பெயர் புகுந்தால் வரிகள் கீழே இறங்கிவிடும், பொட்டு வேறு யாரையோ காட்டும். இரண்டு முறை ஏமாந்த பிறகு அதை விட்டுவிட்டேன்.

மெஷின் பார்க்கிற அண்ணன் புகார் சொல்லி, புரோகிராம் எழுதியவரே அன்று காலை வந்தார்.

"இனிமே அவசரம்னு வர்ற புது வரி மஞ்சளா தெரியும்க்கா. கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாம்" என்றார். எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க, என் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

கேளம்பாக்கம் கிளையின் டியூப் பெட்டி பதினொன்றுக்கு வந்தது. திரையில் நாலாவது வரி மஞ்சளாக இருந்தது. அந்தப் பெயருள்ள டியூபை எடுத்து அண்ணனிடம் கொடுத்தேன். கொடுத்த கையோடு உறுத்தியது. அது தாம்பரத்திலிருந்து காலையிலேயே வந்த ஒரு பெரியவருடையது. அவருக்கு என்ன அவசரம்? கேட்கலாம் என்று திரும்பினால், புரோகிராம்காரர் சிரித்த முகமாகத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் வரவில்லை. எழுந்து தண்ணீர் குடித்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். அரை மணி நேரம் இப்படியே போனது.

போன் அடித்தது. கேளம்பாக்கத்து நர்ஸ்.

"அக்கா, குழந்தை ரிசல்ட் வந்துச்சா? ஒரு வயசுகூட ஆகலை. ரெண்டு கையிலயும் குத்தி, கடைசில கால்லதான் கிடைச்சுது. எடுத்து ரெண்டு மணி நேரம் ஆகப்போவுதுக்கா."

இரண்டு மணி நேரம் தாண்டினால் அந்தப் பரிசோதனைக்கு அந்த ரத்தம் உதவாது. பட்டியலைத் தேடினேன். குழந்தையின் பெயர் ஆறாவது வரியில், எந்த நிறமும் இல்லாமல் இருந்தது. டியூபைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"இன்னாக்கா, இப்ப வந்து குடுக்குற? அந்த தாம்பரத்தாரு மெஷின்ல ஓடிகினு கீறாரு" என்று அண்ணன் கத்தினார். முடிந்ததும் குழந்தையுடையதைப் போட்டார்.

"எங்க ஆபீஸ்ல சரியாத்தானே வந்துச்சு" என்று புரோகிராம்காரர் முணுமுணுத்தார்.

எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ தெரியாது.

"சார், நானும் முன்னாடி இதே தப்பைப் பண்ணியிருக்கேன். இங்க பொட்டு ஒட்டுவேன். நீங்க மஞ்சளை நாலாவது இடத்துக்கு ஒட்டியிருக்கீங்க, குழந்தைக்கு ஒட்டலை. மேல ரெண்டு பேர் வந்ததும் குழந்தை கீழ போயிடுச்சு, மஞ்சள் அங்கயே நிக்குது."

அவர் திரையைப் பார்த்தார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அக்காவுக்கு வாய் கீதா!" என்றார் அண்ணன். "பத்து வருசமா ஊமைன்னு நினைச்சுகினு இருந்தேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அரை மணி நேரம் முன்னால் இதே வாயைத் திறந்திருக்கலாம். கால் மணி கழித்து மெஷின் குழந்தையின் சீட்டைத் துப்பியது. நேரம் கடந்த ரத்தம், அளவு நம்பத் தக்கதல்ல, மறுபடி எடுக்கவும் என்று அண்ணன் எழுதிக் கையெழுத்துப் போட்டார். நர்ஸுக்கு நானே போன் செய்து சொன்னேன். குழந்தையின் வீட்டுக்குச் சொல்ல வேண்டும் என்று அவள் போனை வைத்தாள். புரோகிராம்காரர் சாயங்காலம் வரை இருந்து, மஞ்சள் அந்தப் பெயரோடு நகரும்படியும், நான் தொட்ட பிறகே மறையும்படியும் மாற்றிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை குழந்தையை மறுபடி கேளம்பாக்கத்துக்குத் தூக்கி வந்தார்கள். இந்த முறை இன்னொரு காலில் எடுத்தார்கள். ரிசல்ட் பத்தரைக்குப் போனது.