கப்பலுக்கு முந்தின நாள் பெய்த மழை

ஒரு மாதமாக இந்தக் கப்பல் சுற்றுலாக் குழுவில் கேட்டுக் கேட்டுக் குறித்து வைத்தேன். கீழ்த்தளத்தில் நடு அறை எடுத்தால் ஆட்டம் தெரியாது. வாந்தி மாத்திரையை ஏறும் முன்பே போட வேண்டும்.

அந்த மாத்திரை வாங்கத்தான் இன்று கோவில்பட்டி மருந்துக்கடையில் நின்றேன். சாயங்காலம் ரயில், நாளை சென்னையில் கப்பல். எங்கள் புஞ்சை இருக்கும் பசுவந்தனையிலிருந்து வீட்டுக்காரர் போன் பண்ணினார்.

"ஏட்டி, இங்கன நல்ல மழை. ஈரம் காயுமுன்ன உளுந்து விதைக்கணும். நீ மட்டும் போயிட்டு வா."

"பசுவந்தனையில மழை பெஞ்சா என்ன? இருவது வருசமாக் கேட்ட பயணம்லா. தனியாப் போயி நான் என்ன செய்ய?" அழுகையே வந்துவிட்டது.

கடைக்கார அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். ஆறுதல் சொல்வார் என்று நினைத்தேன்.

"பசுவந்தனையில மழையாம்மா? எங்க புஞ்சையும் அங்கனதான்" என்று ஷட்டரை இறக்கக் கிளம்பிவிட்டார்.

கடல் ஆட்டத்துக்கு எல்லாரும் வழி சொன்னீர்கள். மழை பெய்த புஞ்சையிலிருந்து ஒரு மனுஷனைக் கிளப்ப யாராவது சொல்லுங்கள். ரயிலுக்கு மூன்று மணி நேரம் இருக்கிறது.