ஒன்று புள்ளி நான்கு

அலுவலகத்தில் அவளுக்கு ஓட்டை அக்கா என்று பெயர். வைத்தவர்களுக்கு வாய்க்கொழுப்பு என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். பெயர் பொருத்தமானதுதான் என்பதை அவளே ஒப்புக்கொள்வாள். நீர்மட்டக் கண்காணிப்பு அலுவலகத்தின் இணையதளத்தைப் பத்தொன்பது வருடமாக அவள்தான் கட்டி மேய்க்கிறாள். அந்தப் பிரிவுக்குப் புதிதாக யார் வந்தாலும் அவள் கேட்கிற முதல் கேள்வி, "பக்கத்துல ஓட்டை எங்க விடப்போற?" என்பதுதான்.

அது என்ன ஓட்டை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்றைய ஆபத்து அதற்குள்ளிருந்துதான் வந்தது. அவளுடைய இணையப் பக்கம் ஒவ்வொன்றும் ஓர் எக்ஸ்எம்எல் ஆவணம்; எதையும் திறக்கும் குறி, மூடும் குறி என்ற இரண்டுக்கு நடுவில் எழுதுகிற கோப்பு. தலைப்பு, வரைபடம், தொலைபேசி எண் என்று மாறாத சங்கதிகளை அவள் கையால் எழுதி வைத்திருப்பாள். நீர்மட்டம், நேரம், அன்றைய அறிவிப்பு என்று நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறவற்றுக்கு மட்டும் ஒரு குறியைத் திறந்து, மூடி, நடுவில் இடம் விட்டிருப்பாள். யாராவது பக்கத்தைத் திறக்கும்போது ஒரு புரோகிராம் அந்த ஆவணத்தை மேலிருந்து படித்துக்கொண்டே வரும். ஓட்டை வந்தால் நிற்கும். நீர்மட்டம் அளக்கிற ஆற்றங்கரை மெஷினிடம் கேட்டு எண்ணை வாங்கி அங்கே பொருத்தும். பிறகு அடுத்த வரிக்குப் போகும்.

எக்ஸ்எம்எல் கொஞ்சம் சிடுமூஞ்சி. திறந்த குறியை மூடியே ஆகவேண்டும். ஆயிரம் வரியில் ஒரே ஒரு குறியை மூடாமல் விட்டாலும், மிச்சமெல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்று பாவம் பார்க்காது. மொத்தப் பக்கத்தையும் காட்டமாட்டேன் என்று முறுக்கிக்கொண்டு நிற்கும். திரையில் மஞ்சள் கட்டமும் அதற்குள் ஒரு வரி வசவும் மட்டும் வரும். அந்த மஞ்சள் கட்டத்தைக் கண்டால் அவளுக்கு ஆகாது. தன் மேஜைக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டி வைத்திருந்தாள்: "ஏழு வருடம். ஒரு நிமிடம்கூட விழவில்லை." தலைக்கனம் என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். உழைத்தவளுக்கு அந்த அளவு கனம் இருக்கலாம் என்பது என் கட்சி.

அந்த ஏழு வருடக் கணக்கு தரைப்பாலத்துப் பக்கத்துடையது. ஊருக்குக் கிழக்கே ஆற்றைக் கடக்கிற தாழ்வான பாலம் அது. வருடத்தில் பாதி நாள் பாலத்தின் மேலேயே கணுக்கால் அளவு தண்ணீர் ஓடும், வண்டிகளும் அவை பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். சிக்கல் என்னவென்றால், சேற்றுத் தண்ணீரில் கணுக்கால் ஆழமும் இடுப்பு ஆழமும் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரியும். முன்பு அங்கே ஒரு காவலர் கம்போடு நிற்பார். அவளுடைய பக்கம் வந்த பிறகு அவரை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டுப் பாலத்து முனையில் பெரிய திரை ஒன்றை நட்டார்கள். பக்கத்தின் மேல்பாதி அதில் தெரியும். பச்சை என்றால் போகலாம், சிவப்பு என்றால் நில். நிமிடத்துக்கு ஒருமுறை திரை தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்.

அந்தப் பாலத்தைத் தினமும் நான்கு முறை கடக்கிறவன் அவளுடைய தம்பி. பள்ளி வேன் ஓட்டுகிறான். அம்மா போனபோது அவனுக்கு எட்டு வயது, இவளுக்குப் பதினேழு. தலைவாரி, டிபன் கட்டிக்கொடுத்து, அடித்து, அணைத்து ஆளாக்கியது எல்லாம் இவள்தான். இன்றைக்கும் அவனுக்கு இரண்டு பிள்ளைகள் ஆன பிறகும், வேனை எடுக்கும்போது போனை அணைத்து வண்டி டிராயருக்குள் போட்டுவிட வேண்டும் என்பது அக்காவின் சட்டம். "நானே கூப்பிட்டாலும் எடுக்கக் கூடாது. பிள்ளைங்கள எறக்கி விட்டப்புறம்தான் போனு." அவனும் மீறியதில்லை. கிண்டல் மட்டும் பண்ணுவான்: "போன் எதுக்குக்கா? அதான் பாலத்துல நீயே பச்சைப் புடவை கட்டிக்கிட்டு நின்னு வழி காட்டுறியே."

அன்று மழையில்லை. வெயில் சுள்ளென்று அடித்தது. மூன்று பத்துக்கு அவளுக்கு ஒரு போன் வந்தது. ஆற்றின் மேல்பக்கம் அளவுகோல் பார்க்கிற அண்ணன் பேசினார். முப்பது வருடம் ஆற்றோடு கத்திப் பழகியவர், போனிலும் கத்துவார்.

"பாலத்து போர்டுல இப்ப என்னம்மா காட்டுது?"

அவள் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். "பச்சைதான் அண்ணே. ஒன்னு புள்ளி நாலு மீட்டர்."

"என்னது? நான் கோலுக்குப் பக்கத்துலயே நிக்கிறேன். ரெண்டு புள்ளி ஒம்பது ஓடுது. மேல மதகத் தொறந்து ஒரு மணி நேரம் ஆச்சு!"

"அப்போ மெஷின் ஏன் ஒன்னு புள்ளி நாலுன்னு அனுப்புது?"

"மெஷினா? அது மத்தியானத்துலேருந்து செத்துல்ல கெடக்கு. ஆபீசுக்குச் சொல்லிட்டோமே, உங்கிட்ட யாரும் சொல்லலியா?"

யாரும் சொல்லவில்லை. ஆனால் அதை நினைக்கக்கூட அவளுக்கு நேரமில்லை. செத்த மெஷின் எண் அனுப்பாது. அப்படியானால் இந்த ஒன்று புள்ளி நான்கு எங்கிருந்து வந்தது? இரண்டு விநாடி திரையையே பார்த்தாள். பிறகு தெரிந்தது. தெரிந்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அது அவள் எழுதிய எண். ஏழு வருடத்துக்கு முன்னால் பக்கத்தை வடிவமைத்தபோது, ஓட்டை வெறுமையாக இருந்தால் கட்டம் சுருங்கி அசிங்கமாகத் தெரிகிறதே என்று, சும்மா பார்வைக்காக உள்ளே ஒரு மாதிரி எண்ணைப் போட்டாள். ஒன்று புள்ளி நான்கு. பாலம் திறந்துள்ளது. பச்சை. மெஷின் பேசினால் புரோகிராம் அதை எடுத்துவிட்டு உண்மையான எண்ணை வைக்கும். மெஷின் பேசாவிட்டால், உள்ளே இருப்பது இருந்தபடியே இருக்கட்டும் என்றும் அவளேதான் எழுதி வைத்தாள். பக்கம் எந்த நேரமும் லட்சணமாகத் தெரியவேண்டும் அல்லவா! இந்த வேலை செய்கிறவர்கள் எல்லாரும் மாதிரி எண் போடுவார்கள். முடிந்ததும் மறக்காமல் எடுத்துவிடுவார்கள். இவள் எடுக்கவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், பக்கத்திலேயே இருந்த நேர ஓட்டை ஒழுங்காக வேலை செய்தது. "பிற்பகல் 3.12 நிலவரம்" என்று போட்டு, அதற்குக் கீழே ஏழு வருடப் பழைய பொய் பளிச்சென்று நின்றது.

மூன்று மணிக்குப் பள்ளி விடும். மூன்று இருபத்தைந்துக்குத் தம்பி பாலத்து முனைக்கு வருவான். வேனில் பதினொரு பிள்ளைகள். அவன் போன் டிராயருக்குள் அணைந்து கிடக்கும். அப்படியே கிடக்கவேண்டும் என்று சட்டம் போட்டவள் இவள்.

ஆனாலும் கூப்பிட்டாள். அணைக்கப்பட்டுள்ளது என்றது போன். மறுபடி கூப்பிட்டாள். அதையேதான் சொன்னது.

"அண்ணே, போலீசுக்குச் சொல்லுங்க."

"சொல்லிட்டேன்மா. டவுன்லேருந்து வரணும், அரை மணி நேரம் ஆகுமாம்."

அரை மணி நேரம் அவளிடம் இல்லை. ஆவணத்தைத் திறந்து அந்த எண்ணை அழித்துவிட்டால் முடிந்தது. திறந்தாள். பூட்டியிருந்தது. மூல ஆவணத்தில் கை வைக்கவேண்டுமென்றால் பிரிவுத் தலைவரும் தன் கடவுச்சொல்லைப் போட்டு ஒப்புதல் தரவேண்டும். கண்டவர்கள் கண்டதைத் திருத்துகிறார்கள் என்று இரண்டு வருடத்துக்கு முன் சண்டை போட்டு அந்தப் பூட்டைக் கொண்டுவந்தவளும் இவளேதான். தலைவரைக் கூப்பிட்டாள். உதவியாளர் எடுத்தார்.

"சார் மீட்டிங்ல இருக்காரு மேடம். முடிஞ்சதும் சொல்லிடறேன்."

"உசுரு போற விஷயம்ங்க. இப்பவே வெளிய கூப்பிடுங்க!"

"சரி சரி, துண்டுச் சீட்டு அனுப்பிப் பாக்கறேன்."

துண்டுச் சீட்டு! மணி மூன்று பதினேழு. பூட்டில்லாமல் அவளால் எழுத முடிந்த இடம் ஒன்றே ஒன்று: அறிவிப்பு ஓட்டை. அதற்குள் எழுதுகிறதைப் புரோகிராம் எடுத்து அப்படியே பக்கத்தில் சேர்த்துவிடும். "தண்ணீர் ஏறிவிட்டது. பாலத்தில் இறங்காதீர்கள்" என்று ஒரு குறியைத் திறந்து, தட்டி, குறியை மூடிச் சேமித்தாள். பக்கத்தில் பார்த்தாள். வந்திருந்தது, அடியிலிருந்து மூன்றாவது வரியாக. பாலத்துத் திரையில் தெரிவது மேல்பாதி மட்டும். அங்கே அந்தப் பச்சை அசையாமல் நின்றது.

மூன்று இருபது. சேற்றுத் தண்ணீரையும் வேனின் சக்கரத்தையும் நினைக்காமலிருக்க முயன்றாள். முடியவில்லை. எட்டு வயதில் கால்சட்டை நாடா கட்டத் தெரியாமல் அவள் முன்னால் வந்து நின்ற பயல் கண்ணுக்குள் வந்து நின்றான். அழுகை முட்டியது. அதோடு கூடவே ஒரு யோசனையும் வந்தது.

அறிவிப்பு ஓட்டையில் ஒரு பழைய குறை உண்டு. அதற்குள் எழுதுகிறதைப் புரோகிராம் சரிபார்க்காது. குறி மூடியிருக்கிறதா இல்லையா என்றுகூடப் பார்க்காமல் ஆவணத்துக்குள் கொட்டிவிடும். இதை அடைக்கவேண்டும் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டே தள்ளிப்போட்டிருந்தாள். தள்ளிப்போட்டது நல்லதாகப் போயிற்று. அறிவிப்பின் கடைசியில் இருந்த மூடும் குறியை அழித்தாள். சுவரில் ஒட்டியிருந்த தாள் கண்ணில் பட்டது. போய்த் தொலை என்று சேமித்தாள்.

பக்கத்தைப் புதுப்பித்தாள். வரைபடம் போயிற்று. நேரம் போயிற்று. பச்சை போயிற்று. மஞ்சள் கட்டம் வந்து, திறந்த குறி மூடப்படவில்லை என்று எரிந்து விழுந்தது. பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக அந்த வசவைக் கேட்டு அவளுக்கு மூச்சு வந்தது.

அரை மூச்சுதான். மஞ்சளைப் பார்த்து நிற்பானா, இல்லை, திரைதானே கெட்டுப்போயிருக்கிறது, தண்ணீர் எப்போதும் போலத்தானே இருக்கிறது என்று இறக்கிவிடுவானா? மூன்று இருபத்தைந்து ஆயிற்று. இருபத்தேழு ஆயிற்று. போன் அடித்தது. பாய்ந்து எடுத்தாள். பிரிவுத் தலைவர்.

"என்னம்மா, தரைப்பாலத்துப் பக்கம் விழுந்து கிடக்காமே?"

"விழல சார். நான்தான் தள்ளிவிட்டேன்."

"என்னது?"

"எல்லாம் சொல்றேன் சார், வேலைய விட்டே அனுப்புங்க. இப்ப போன வையுங்க. என் தம்பி கூப்பிடுவான்."

அவளே வைத்துவிட்டாள். தம்பி எப்படிக் கூப்பிடுவான்? போன் அணைந்துதானே கிடக்கிறது? ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவளுக்கே புரியவில்லை. முப்பது. முப்பத்திரண்டு. பக்கத்து மேஜைக்காரி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். தண்ணீரைப் பார்த்ததும் இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மூன்று முப்பத்து மூன்றுக்குப் போன் அடித்தது.

"அக்கா, உன் போர்டு என்னமோ மஞ்சளா உளறுது. ஏழு வருஷப் பெருமை போச்சு போ!"

அவள் போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அக்கா? கேக்குதா? கோவிச்சுக்காத, போன ஆன் பண்ணிட்டேன். உன் பக்கம் ஒரு நாளும் இப்படி ஆனதில்லியே, வேற எவனாச்சும் பாத்துட்டு உன்னத் திட்டறதுக்குள்ள சொல்லிடலாம்னுதான். சீக்கிரம் சரி பண்ணு. பாத்துட்டுத்தான் வண்டிய எறக்கணும்."

"எறக்காதடா." அவ்வளவுதான் வந்தது. பிறகு ஓவென்று அழுதாள். அலுவலகமே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும் என்று அழுதாள். அந்தப் பக்கம் பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டிருந்தார்கள், யாரோ யாருடைய பையையோ பிடுங்கிவிட்டார்களாம்.

"மெஷின் மத்தியானமே செத்துடுச்சுடா. தண்ணி ரெண்டு புள்ளி ஒம்பது ஓடுது. அதுல இருந்த ஒன்னு புள்ளி நாலு நான் சும்மா எழுதி வெச்ச எண்ணு. எடுக்க மறந்துட்டேன். சுத்து வழியாப் போ."

வேன் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. பிள்ளைகளுக்குக் கேட்காத தூரத்துக்குப் போயிருப்பான்.

"அக்கா, போன செவ்வாக்கிழமையும் ஒன்னு புள்ளி நாலுதான் இருந்துச்சு. வண்டி லேசா இழுத்துச்சு. நீதான் பச்சை காட்டுறியேன்னு போயிட்டேன். அன்னிக்கு மெஷின் இருந்துச்சா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஏழு வருடத்தில் எத்தனை செவ்வாய்க்கிழமை, எத்தனை வண்டி என்று எண்ணிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"தெரியலடா," என்றாள்.

அரை மணி நேரம் கழித்துப் பிரிவுத் தலைவர் மூச்சிரைக்க ஓடிவந்து, அவள் சொன்னதையெல்லாம் நின்றபடியே கேட்டு, தன் கடவுச்சொல்லைப் போட்டுப் பூட்டைத் திறந்துவிட்டார். அவள் அந்த ஓட்டைக்குள்ளிருந்த எண்ணை அழித்தாள், பச்சையையும் அழித்தாள். வெறுமையாக விட இப்போதும் மனம் வரவில்லை. தம்பியிடம் கடைசியாகச் சொன்ன பதிலையே, "தெரியவில்லை" என்று சிவப்பில் எழுதி, எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்து, குறியை மூடினாள்.