தொழிலாளி என்று நான் குறித்த படங்கள்

அந்த ஞாயிற்றுக்கிழமை கோலார் தங்கவயல் சாம்பியன் ரீப்ஸில் எங்கள் லைன் வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். நான், என் வீட்டுக்காரர், அவருடைய அப்பா, எனக்குப் படவேலை கொடுத்துக்கொண்டிருந்த அண்ணன். கம்ப்யூட்டர் திரையில் இருந்தவர்களை நான் சேர்க்கவில்லை. அவர்களையும் எண்ணினால் வீடு கொள்ளாது.

படவேலை என்றால் இதுதான். திரையில் தெருப்படங்கள் கட்டுக் கட்டாக வரும். படத்தில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பேரைச் சுற்றியும் ஒரு கட்டம் போட வேண்டும். பிறகு ஒவ்வொரு கட்டத்துக்கும் நான்கு பெயரில் ஒன்றைக் கொடுக்க வேண்டும்: வழிப்போக்கர், தொழிலாளி, போலீஸ், கலகக்காரர். பெயர்கள் இங்கிலீஷில் இருக்கும். நான் ஒன்பதாவதோடு நின்றவள். மைன்ஸை மூடிய வருஷம் அப்பாவுக்கு வேலை போனது, எனக்குப் பள்ளிக்கூடம் போனது. ஆனாலும் நான்கு சொல்லைப் பழகிக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்?

அண்ணன் ராபர்ட்சன்பேட்டையில் சின்ன ஆபீஸ் வைத்திருந்தார். கூடப் பிறந்தவர் இல்லை, எங்கள் சர்ச்சுக்காரர். கம்ப்யூட்டரையும் அவரே கொடுத்தார். விலை முப்பத்திரண்டாயிரம், மாசாமாசம் சம்பளத்தில் ஆயிரத்து ஐந்நூறு பிடித்துக்கொள்வார். "இன்னாத்துக்கு அண்ணா இந்தப் படமெல்லாம்?" என்று முதல் நாளே கேட்டேன். "கூட்டத்தை எண்றதுக்கும்மா. பாதுகாப்புக்கு" என்றார்.

எனக்கு அது உடனே புரிந்துவிட்டது. மைன்ஸில் இறங்கும்போது ஒவ்வொருத்தரும் பலகையிலிருந்து ஒரு பித்தளை டோக்கனை எடுத்துக்கொண்டு போவார்கள். மேலே வந்ததும் திரும்ப மாட்ட வேண்டும். ஷிப்ட் முடிந்தும் ஒரு ஆணி காலியாக இருந்தால், யாரோ இன்னும் கீழே இருக்கிறார்கள் என்று தேடப் போவார்கள். இதுவும் அந்த மாதிரி எண்ணிக்கை என்று நினைத்தேன். எங்கேயோ ஓர் ஊரில், கூட்டத்தில் யாரும் மிதிபட்டு விடக்கூடாது என்று யாரோ என்னைப் போலக் கவலைப்படுகிறார்கள். அந்த நினைப்பில் பதினோரு மாதம் சந்தோஷமாகக் கட்டம் போட்டேன்.

மாமாவுக்கு, என் வீட்டுக்காரரின் அப்பாவுக்கு, என்னைவிட சந்தோஷம். முப்பது வருஷம் கீழே இறங்கியவர். டிபன் முடிந்ததும் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொள்வார். கடைசியாக வந்த கட்டுப் படங்களில் கூட்டம் கூட்டமாக ஹெல்மெட் போட்டவர்கள். மூக்கு வரைக்கும் துணி கட்டியிருந்தார்கள். பின்னால் ஒரே புகை. கடைப் பலகைகளில் எனக்குத் தெரியாத எழுத்து. எந்தப் பெயரைக் கொடுப்பது என்று திணறினேன்.

"இதுல இன்னாம்மா யோசனை? ஹெல்மெட்டு கீது. மூஞ்சில ஈரத்துண்டு கீது. பிளாஸ்டிங் பண்ணப்புறம் புகையில நாங்க அப்பிடித்தான் கட்டுவோம். ஷிப்ட் விட்டு வராங்க" என்றார் மாமா.

"ஓடறாங்களே மாமா?"

"மேல ஏத்தி வர்ற முதல் கேஜைப் புடிக்க ஓடறாங்க. நான் ஓடலியா?"

அதனால் எல்லாருக்கும் தொழிலாளி என்றே போட்டேன். நூற்றுக்கணக்கான படங்கள். சிவப்பு மழைக்கோட்டுப் போட்ட ஒரு பெண் மட்டும் பல படங்களில் திரும்பத் திரும்ப வந்தாள். கையில் டிபன் டப்பா மாதிரி ஏதோ வைத்திருப்பாள். எல்லாரும் முன்னால் பார்த்தால் அவள் மட்டும் திரும்பிப் பின்னால் பார்ப்பாள். அடுப்பை அணைத்தோமா என்று நினைக்கிறவள் மாதிரி. "செகண்ட் ஷிப்ட் வந்துட்டா பாரு" என்பார் மாமா. அவளைக் காணாத நாளில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு மாதிரி இருக்கும்.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்து அண்ணன் பேக்கரி பன் பொட்டலத்தோடு வந்தார். உட்கார்ந்ததும், "தங்கச்சி, உன் கட்டு மொத்தமும் திரும்பி வந்துடிச்சு" என்றார்.

"கட்டம் கோணலா போட்டுட்டேனா அண்ணா?"

"கட்டம் எல்லாம் நேராத்தான் கீது. பேருதான் தப்பு. அவங்க வேலைக்காரங்க இல்லம்மா. அந்த ஊரு கவர்மெண்டை எதுத்து ரோட்டுக்கு வந்தவங்க. கவர்மெண்டு கேமரா கம்பெனிக்குக் காசு குடுக்குது. கம்பெனி பெங்களூர் ஆபீசுக்குக் குடுக்குது. ஆபீசு எனக்கு, நான் உனக்கு. நீ கலகக்காரன்னு போட்டாத்தான் அந்த மிஷின் கத்துக்கும். நாளைக்கு ரோட்டுல ஹெல்மெட்டும் துண்டுமா யாரு வந்தாலும் அதுவே புடிச்சிக் காட்டும்."

"காட்டினா இன்னா பண்ணுவாங்க?"

அண்ணன் பன் பொட்டலத்தின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார். "அதெல்லாம் நமக்கு வரலம்மா. நமக்கு வர்றது படம் மட்டுந்தான்."

மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. கவர்மெண்டு மேல் இல்லை, தன் கண்ணைச் சந்தேகப்பட்டதற்கு. "துண்டு கட்டின முடிச்சைப் பாரு! அது தொழிலாளி முடிச்சு."

"பெரியப்பா, அவங்க கலாட்டா பண்ணவங்க."

"நானும் மைன்ஸை மூடாதேன்னு மெயின் கேட்டாண்ட நின்னேன். இதே ஹெல்மெட்டு. என்னை எந்தப் பேருல போடுவே?"

"உங்களைத் தாத்தான்னு போடுவேன்" என்றார் அண்ணன். மாமாவே சிரித்துவிட்டார். அண்ணனிடம் யாருக்கும் ரொம்ப நேரம் கோபம் இருக்காது. அவரும் கடன் வாங்கித்தான் பத்துக் கம்ப்யூட்டர் போட்டிருந்தார்.

திரும்பக் கட்டம் போட வேண்டியதில்லை என்றார். எல்லாத் தொழிலாளியையும் ஒரே அமுக்கில் மாற்றிவிடலாம். எழுந்து வந்து அந்த இடத்தைத் திறந்து காட்டினார். "இங்க ஒரே ஒரு தடவை. அஷ்டே, அவ்ளோதான். இந்தக் கட்டுக்குக் காசும் வந்துடும், அடுத்த கட்டும் வரும். நீ பண்ணலன்னா பக்கத்துல பாலகாட் லைன்ல ஒரு பொண்ணு பண்ணும்."

அது உண்மைதான் என்று எனக்குத் தெரியும். கையை மவுஸ் மேல் வைத்தேன். திரையில் செகண்ட் ஷிப்ட்காரி திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் மிதிபடக் கூடாது என்று நான் அவளைச் சுற்றிப் போட்ட கட்டம், நூல் பிசகாமல் அப்படியே இருந்தது. அவ்வளவு கவனமாகப் போட்டிருக்க வேண்டாமே என்று தோன்றியது. வேலை போனால் கரண்ட் பில், கேஸ், மாமாவின் மாத்திரை. அவையும் வரிசையாக வந்து நின்றன. கை அப்படியே இருந்தது, அமுக்கவுமில்லை, எடுக்கவுமில்லை.

என் வீட்டுக்காரர் அடுப்படிப் பக்கம் உட்கார்ந்திருந்தார். பெங்களூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. விடியற்காலை ரயிலைப் பிடிக்கிறவர், ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் முழுசாக விழித்திருப்பார். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் அங்கிருந்தே கேட்டார்: "ஏய், கேஸை மூடினோமான்னு நீ எத்தினி வாட்டி எழுந்து பாக்கிறே?"

"மூணு வாட்டி."

"இதை அமுத்திட்டு எத்தினி வாட்டி எழுந்திருப்பே?"

கேட்டுவிட்டு அவரே பதிலும் சொன்னார்.

"வாழ்க்கை பூரா எழுந்திருப்பே. என்னையும் எழுப்புவே. நான் நாலு மணிக்கு எழுந்திருக்கணும். வேணாம், உட்டுடு. கம்ப்யூட்டர் பாக்கியை நான் கட்றேன் அண்ணா."

"இன்னாப்பா நீயும்?" என்றார் அண்ணன்.

"எங்க ஆபீஸ் சுவத்துல மனுஷனுக்காகத்தான் எல்லாம்னு பெருசா எழுதி வெச்சிகீறாங்க. தினம் அதுக்கு எதிர்ல நின்னுதான் பையைத் தொறந்து பாக்கிறேன். எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு வெங்காயத்துக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் மவுஸிலிருந்து கையை எடுத்தேன்.

அண்ணன் கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்று பயந்தேன். போகவில்லை. கறிக்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டார், ரசம் இரண்டாவது தடவை கேட்டார். கை கழுவும்போது மட்டும், என் முகத்தைப் பார்க்காமல், "நானே மாத்தி அனுப்பிடறேன் தங்கச்சி. வேற வழியில்ல" என்றார். அனுப்பியும் இருப்பார். என் கட்டங்கள் எல்லாம் அவரிடம்தானே இருந்தன. நான் அமுக்கவில்லை என்பதால் அந்தப் பெண்ணுக்கு எதுவும் மாறியிருக்காது. இதை எத்தனை தடவை நினைத்தாலும் அந்த இடத்தில்தான் வந்து நிற்கிறேன்.

கம்ப்யூட்டரை அவர் திருப்பிக் கேட்கவில்லை. இப்போது பக்கத்து லைன் பிள்ளைகளுக்கு அதில் அப்ளிகேஷன் போட்டுத் தருகிறேன், ஒன்றுக்கு முப்பது ரூபாய். அண்ணன் சர்ச்சில் பார்த்தால் பழையபடி சிரிக்கிறார். மாமா டிபன் முடிந்ததும் பழக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "இன்னாம்மா, செகண்ட் ஷிப்ட் வந்துட்டாளா?" என்கிறார். இன்னும் வரவில்லை மாமா என்கிறேன்.

கம்ப்யூட்டர் விலையில் பிடித்தது போக நின்றது பதினைந்தாயிரத்து ஐந்நூறு. என் வீட்டுக்காரர் மாசம் ஆயிரமாக நான்கு மாதம் கட்டியிருக்கிறார். பாக்கி, பதினோராயிரத்து ஐந்நூறு ரூபாய்.