மலைமேல் சிவப்புக் கொடி

நத்தம் சாலையில் எங்கள் ஊரை ஒட்டிய மலையில், யுத்த காலத்தில் பட்டாளத்தார் சுட்டுப் பழகினார்கள். உச்சியில் சிவப்புக் கொடி ஏறினால் ஒருவரும் மேலே போகக் கூடாது. பிறகு பட்டாளம் கிளம்பிப் போய், மலை காப்புக்காடாகிவிட்டது. ஆனாலும் ஒரு காலையில் அதே கொடி பறந்தது. தப்பிப்போன ஆட்டைத் தேடி என் வீட்டுக்காரர் மேலே போயிருந்தார். நான் அலறிக்கொண்டே மலையேறினேன்.

உச்சியில் வனக்காவலர் ஒருவர் நின்றிருந்தார். முறுக்கு மீசை, காக்கி அரைக்கால் சட்டை. என்னைப் பார்த்ததும் வாயில் விரலை வைத்தார்.

"சத்தம் போடாத தாயி. மயிலு அடையில இருக்கு."

"சுடப் போறாகளோன்னு ஓடியாந்தேன் அண்ணே!"

"யாரு சுடுறா? வராதீகன்னு வாயால சொன்னா எவன் கேக்குறான்? கொடியப் பாத்தா ஊரே திரும்பிருதுல்ல."

அவருக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் ஆட்டின் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பிறகொரு நாள் சந்தையில் அந்த வனக்காவலரைப் பார்த்தேன். கத்தரிக்காயைக்கூட அதே ரகசியக் குரலில்தான் பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் எப்போது கொடி ஏறினாலும், "இன்னைக்குச் சுடுறாகளாம், யாரும் மேல போகாதீக" என்று ஊருக்குள் முதலில் சொன்னது நான்தான்.