தண்ணீருக்குள் ஒரு நடுக்கம்

எனக்குப் பன்னிரண்டு வயதில் சர்க்கரை நோய் வந்தது. டைப் ஒன், இன்சுலின் ஊசி. அன்றிலிருந்து நான் கோபப்பட்டால்கூட அக்கா, "ஷுகர் பாத்தியா?" என்றுதான் கேட்பாள். எவ்வளவு நியாயமான கோபமாக இருந்தாலும், விரலைக் குத்திக் காட்டிய பிறகுதான் சண்டை தொடரும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வருடம், கடலுக்கடியில் மூழ்கி நீந்தும் ஸ்கூபா கற்றுக்கொள்ளும் ஆசை வந்தது. பெங்களூரில் கடல் ஏது? அல்சூர் பக்கம் ஒரு நீச்சல் குளத்தில் பயிற்சி, தேறினால் அந்தமான். டாக்டர் ஆயிரம் கேள்வி கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பயிற்சியாளர் ஒரு நிபந்தனை வைத்தார். "தண்ணிக்குள்ள ஒரு தடவ ஷுகர் கொறஞ்சாலும் அந்தமான் கேன்சல். ஓகேவாம்மா?"

எனக்கோ வேறொரு சந்தேகம் குடைந்துகொண்டிருந்தது. சர்க்கரை குறைந்தால் எனக்கு முதலில் பின்கழுத்து வியர்க்கும். தண்ணீருக்குள் வியர்த்தால் எப்படித் தெரியும்? அவரிடமே கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "கொத்தில்லம்மா, தெரியல. அதுக்குத்தான் முன்னாடியே மூணு வாட்டி பாக்கச் சொல்றது" என்றார்.

நான்காம் நாள் காலை மூன்று அளவுகளும் நன்றாகவே இருந்தன. குளத்தின் ஆழமான மூலையில், தரையில் நானும் பயிற்சியாளரும் முட்டி போட்டு உட்கார்ந்தோம். முகமூடியைக் கழற்றி மறுபடி மாட்ட வேண்டும். கழற்றியதுமே கை நடுங்கியது, நெஞ்சு படபடத்தது. கழுத்தைத் தடவிப் பார்த்தேன், எங்கும் தண்ணீர். சொன்னால் அந்தமான் போச்சு. சொல்லாமல் மயங்கினால் ஆளே போச்சு. அழுகையாக வந்தது. எப்படியோ முகமூடியை மாட்டிக்கொண்டு, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து, சர்க்கரை குறைகிறது என்பதற்குப் பேசிவைத்திருந்த சைகையை அவரிடம் காட்டினேன்.

அவர் என்னை மேலே கொண்டுவந்ததும், துணைக்கு வந்திருந்த அக்கா கரையில் என் விரலைத் துண்டால் அழுத்தித் துடைத்தாள். ஈரம் இருந்தால் அளவு தப்பாக வரும். சர்க்கரை பார்க்கும் மீட்டர் ஐந்திலிருந்து எண்ணி இறங்கியது. நூற்று எண்பத்தொன்று. நம்பாமல் இன்னொரு விரலைக் குத்தினோம். நூற்று எழுபத்தெட்டு. சர்க்கரை குறையவே இல்லை.

"அப்புறம் எதுக்குடி நடுங்கின?" என்றாள் அக்கா.

எனக்கும் புரியவில்லை. பயிற்சியாளர்தான் சொன்னார். "பயந்துட்டீங்கம்மா. மாஸ்க் கழட்டினா எல்லாருக்கும் வர்றதுதான். திரும்பப் போலாமா?"

எல்லாருக்கும் வருவது. என் உடம்பைப் பற்றி அதுவரை யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. துண்டை அக்காவிடம் கொடுத்துவிட்டு, அந்தப் பயத்தோடேயே மறுபடி இறங்கினேன்.