அந்தப் பாட்டைப் போடுடா

ஒப்பாரி பாடுகிறவளிடம், "நெசமாவே அழுகை வருதா, இல்ல சும்மாவா?" என்று கேட்பவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாட்டைக் கேட்டு மூக்கைச் சிந்திவிட்டு, அப்புறம் வந்து எங்கள் கண்ணைச் சோதிப்பார்கள். கலைமகள் என்னைப் போலக் கோபப்பட மாட்டாள். "எனக்கு வந்துச்சா இல்லையாங்கிறது கெடக்கட்டும். உங்களுக்கு வந்துச்சுல்ல? அப்புறம் என்ன?" என்பாள்.

நானும் அவளும் ஒரே செட்டு. திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்கே சாவு விழுந்தாலும் போன் வந்துவிடும். நடவு வயலில் நின்றாலும் காலைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிடுவோம். வாசலிலேயே செத்தவர் பெயரையும் பிள்ளைகள் பெயரையும் கேட்டுக்கொள்வோம். உள்ளே போய்க் கலைமகள் குரலெடுத்தால் அடுத்த தெருவில் நிற்பவனும் துண்டால் கண்ணைத் துடைப்பான்.

கீழ்வேளூரில் ஒருமுறை ஒரே நாளில் இரண்டு சாவு. இரண்டாவது வீட்டில் போய் முதல் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லிப் பாடிவிட்டாள். பாதியில்தான் எனக்கு உறைத்தது, இடுப்பில் கிள்ளினேன். எப்படியோ சமாளித்துப் பெயரை மாற்றினாள். அந்த வீட்டம்மாவோ அழுகையை நிறுத்தவே இல்லை. கிளம்பும்போது மன்னிப்புக் கேட்டோம். "பேரு தப்பா இருந்தா என்னம்மா? அழுகை என்னோடதுதானே," என்று எங்கள் கையைப் பிடித்துக்கொண்டார்.

கலைமகளின் வீட்டுக்காரர் துரைராசு டிராக்டர் ஓட்டினார். வயலில் சேறடித்து முடிக்கும்வரை அவருக்கு ஒரே பாட்டுதான். வளவன் என்கிற பாடகன், செத்துப்போன தன் அம்மாவை நினைத்துப் பாடியது. ஸ்பீக்கர் அலறும். சோற்றுத் தூக்கோடு வருகிற கலைமகள் பாட்டு முடியும்வரை வரப்பிலேயே நிற்பாள். "நம்ம தொழில்ல இவன் பெரிய ஆளுடி, மங்களம்," என்பாள் என்னிடம்.

போன வருஷம் அந்த வளவனின் சாயம் வெளுத்தது. அவன் அம்மா சென்னையில் குத்துக்கல்லாட்டம் இருக்கிறாராம். யாரோ வீட்டுக்கே போய் வீடியோ எடுத்துப் போட்டுவிட்டார்கள். ஊரே காறித் துப்பியது. கலைமகளின் மகன் தமிழரசன், அப்பாவின் பென் டிரைவில் இருந்த அந்தப் பாட்டை அழித்தே விட்டான். துரைராசு விடுவாரா? மறுநாள் டவுனுக்குப் போய் மறுபடி ஏற்றிக்கொண்டு வந்தார். கலைமகள் சிரித்தாள். "அம்மா செத்தாத்தான் பாடணும்னா, நாம என்னைக்குடி வாயைத் தொறக்குறது?"

இந்த ஆடியில் துரைராசு மாரடைப்பில் போய்விட்டார். எங்கள் செட்டு முழுக்க வந்து பாடியது. கலைமகள் மட்டும் வாயைத் திறக்கவில்லை. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. "ஊருக்கெல்லாம் மாரடிச்சவ, சொந்தப் புருஷனுக்கு அழுவலையே," என்று முனகல் கிளம்பியது. அடிப் பாவிகளா! அவள் நெஞ்சு அடைத்துக் கிடந்தது எனக்கல்லவா தெரியும். "அழுதுடுடி, அழுவலன்னா நீயும் போயிடுவ," என்று பிடித்து உலுக்கினேன். வெளியே பாடை தயாராகிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் மகனைக் கூப்பிட்டாள். "அப்பாவோட அந்தப் பாட்டைப் போடுடா."

"எது, அந்த ஃபிராடு பாட்டா? உசுரோட இருக்குற அம்மாவைச் சாகடிச்சுப் பேரு வாங்குனவன்மா அவன். அப்பா முன்னாடி அவன் குரலே கேக்கக் கூடாது."

கலைமகள் எழுந்து நின்றாள். "ஒங்கம்மா மட்டும் என்னவாம்? எத்தனை பேரை அப்பா அப்பான்னு அழுதுருக்கேன்? அவ்வளவு பேரும் எனக்கு அப்பனா? அந்தச் சோத்தைத் தின்னுதானடா வளந்த? அவன் பொய்யன்னா நானும் பொய்க்காரிதான். அவங்கம்மா நூறு வயசு நல்லா இருக்கட்டும். அவன் அழுதானோ இல்லையோ, அழுகை என்னோடதுடா. நீ போடுறியா, நானே போயி டிராக்டர்ல போடவா?"

தமிழரசன் சனத்தைப் பார்த்தான். யாரும் அவனுக்குத் துணைக்கு வரவில்லை. டிராக்டர் சாவியை எடுத்துக்கொண்டு போனான்.

பாட்டு கிளம்பியது. முதல் அடி முடிவதற்குள் கலைமகள் துரைராசுவின் காலைக் கட்டிக்கொண்டு விழுந்தாள். அப்படி ஓர் அழுகையை நான் எந்தச் சாவிலும் கேட்டதில்லை. வெளியே தமிழரசனும் டிராக்டர் சக்கரத்தில் சாய்ந்து குலுங்கிக்கொண்டிருந்தான்.

ஊருக்கெல்லாம் அழுதவளுக்காக அன்றைக்கு அந்தப் பொய்யன் அழுதான். நன்றாகத்தான் அழுதான்.